கல்லைப் படிக்கிறவர்களுக்கு ஒரு பொன்னாடை!

மாசி மகம் வந்துவிட்டால் காரமடையில் கால் வைக்க இடம் இருக்காது. அரங்கநாதர் தேர் ஒரு பக்கம், கையில் தீப்பந்தத்தோடு பந்த சேவைக்காரர்கள் ஒரு பக்கம், தண்ணீர் சேவைக்காரர்கள் ஒரு பக்கம். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்கள் ஊர்ந்து போகும். ஊட்டிக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, ‘என்ன இங்கே இவ்வளவு கூட்டம்?’ என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

கேட்டால் கதை சொல்ல ஆள் இருக்கிறது. காரைச் செடிகள் மண்டிக் கிடந்த இடம்; பக்கத்தில் நீர் மடை. அதனால் காரமடை. புதரின் மேல் தானாகப் பால் சொரிந்த பசுவைப் பற்றியும், புதரை வெட்டியபோது வெளிப்பட்ட சாமியைப் பற்றியும் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் கதைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் தேர் ஓடுகிறவரை அதுவும் ஓடும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதே ஊரைச் சுற்றிக் கருவேப்பிலைத் தோட்டங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே நடந்து பாருங்கள். வரப்பு ஓரத்தில், வேப்ப மரத்தடியில், குளத்து மேட்டில் எங்காவது ஒரு பழைய கல் நிற்கும். அல்லது சாய்ந்து கிடக்கும். மேலே ஏதோ உருவம். எண்ணெய்ப் பிசுக்கு. காய்ந்த மாலை. ‘இது என்னங்க?’ என்று தோட்டத்துக்காரரைக் கேட்டால், ‘அது ஏதோ சாமிக் கல்லுங்க. எங்க அப்பாரு காலத்துல இருந்து இருக்குது’ என்பார்.

அந்த ‘ஏதோ’ என்ற சொல்லைப் போக்குவதற்காகத்தான் கொங்கு நாட்டில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோவையைச் சேர்ந்த யாக்கை மரபு அறக்கட்டளை, திருப்பூரைச் சேர்ந்த வீரராசேந்திரன் தொல்லியல் மற்றும் வரலாற்று ஆய்வு மையம் என்று செய்தித்தாள்களில் அவ்வப்போது பெயரைப் பார்த்திருப்பீர்கள். ‘இன்ன ஊரில் நடுகல் கண்டெடுப்பு’, ‘வட்டெழுத்துக் கல்வெட்டு கண்டுபிடிப்பு’ என்று நாலு வரிச் செய்தி வரும். படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

அந்த நாலு வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

இப்படிப்பட்ட குழுக்களில் இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வேறு பிழைப்பு உண்டு. பொறியாளர்கள், ஆசிரியர்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள். வாரத்தில் ஆறு நாள் அந்தப் பிழைப்பு. ஏழாவது நாள் இந்தப் பைத்தியம். விடிவதற்கு முன்பே பைக் கிளம்பிவிடும். பையில் தேங்காய் நார், மென்மையான பிரஷ், தண்ணீர்க் கேன், அளவு நாடா, டார்ச், நோட்டு. பெட்ரோல் சொந்தக் காசு. டிபனும் சொந்தக் காசு. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை விட்டுவிட்டுக் கல்லைத் தேடிப் போகிறவரை வீட்டில் என்ன பாடு படுத்துவார்கள் என்பதைத் தனியாக எழுதவேண்டியதில்லை.

போன இடத்தில் முதலில் நாய் குரைக்கும். பிறகு தோட்டத்துக்காரர் வருவார். ‘ஏனுங்க தம்பி, பொதையல் கிதையல் தேடறீங்களா?’ இந்தக் கேள்வியைச் சந்திக்காத வரலாற்று ஆர்வலர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. இல்லைங்க என்று சொன்னால் நம்பமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, மழை, மாடு, வாழைத்தார் விலை எல்லாம் பேசி முடித்த பிறகு கொஞ்சம் இளகுவார். கல்லின் மேலிருக்கிற எண்ணெய்ப் படலத்தைத் துடைக்க அவரிடம் அனுமதி கேட்கவேண்டும். அது அவருக்குச் சாமி. தொடலாமா, கூடாதா, செருப்பைக் கழற்றவேண்டுமா, பெண்கள் பக்கத்தில் வரலாமா என்பதையெல்லாம் அவர்தான் சொல்லவேண்டும்.

அதற்கு மேல்தான் வேலை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் தேய்ந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழுகிறபோது, பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எழும்பி நிற்கும். அதை விட்டால் இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கவேண்டும். எழுத்து கிடைத்தால் மைப்படி எடுப்பார்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை மேலே ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, காயவிட்டு, மைப்பந்தால் மெல்ல ஒற்றி எடுப்பது. தாளில் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். காற்று வேகமாக அடித்தால் தாள் பறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

இதெல்லாம் முடிந்து, ‘இந்தக் கல்லில் இருப்பது உங்கள் ஊர் மாட்டுப் பட்டியைக் காப்பாற்றப் புலியோடு சண்டை போட்டுச் செத்த ஒரு மனிதன்’ என்று சொல்லும்போது தோட்டத்துக்காரரின் முகம் மாறுகிறது பாருங்கள், அதற்குத்தான் இவ்வளவும். அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்குள் குரல் கொடுத்து மோர் கொண்டுவரச் சொல்வார்.

புலிகுத்திக் கல் கொங்கு நாட்டின் தனிச் சொத்து என்றே சொல்லலாம். மற்ற இடங்களிலும் உண்டு என்றாலும் இங்கே அதிகம். காரணம் தெரிந்ததுதான். இது மாடு வளர்த்த நாடு. மேற்கே மலை, மலையில் காடு, காட்டில் புலி. ஒரு கையால் ஈட்டியையோ குத்துவாளையோ புலியின் உடலில் இறக்குகிற வீரன், பின்னங்காலில் எழுந்து நிற்கிற புலி, ஒரு பக்கமாகச் சாய்த்து முடிந்த கொண்டை, இடுப்புக் கச்சை. சில கல்லில் வீரனுக்குத் துணையாக ஒரு நாயும் இருக்கும். கொண்டையையும் ஆடையையும் ஆயுதத்தையும் வைத்தே இது ஏறக்குறைய எந்த நூற்றாண்டு என்று பழகிய கண் சொல்லிவிடும். சில இடங்களில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உருவமும் இருக்கும். கணவன் சாவுக்குப் பின் தீப்பாய்ந்தவள். ஊரில் வீரமாத்தி என்று கும்பிடுவார்கள். அவள் தானாகப் பாய்ந்தாளா என்பதைக் கல் சொல்லாது.

ராஜாக்களுக்குக் கோயில் சுவர் இருக்கிறது, மெய்க்கீர்த்தி இருக்கிறது. மாடு மேய்த்தவனுக்கு இந்த ஒரு கல்தான். இது போனால் அவன் இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. ஆனால் சாலையை அகலப்படுத்தும்போதும், தோட்டம் மனை இடமாக மாறும்போதும், பொக்லைன் முதலில் பெயர்த்துப் போடுவது ஓரத்தில் நிற்கிற இந்தக் கல்லைத்தான். துணி துவைக்கிற கல்லாக, வாய்க்காலுக்குப் பாலமாக, வாசற்படியாக நடுகற்கள் கிடந்த செய்திகளை எத்தனையோ முறை படித்திருக்கிறோம்.

*

இந்தப் பைத்தியம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. அரசுத் தொல்லியல் துறை தமிழ்நாட்டில் 1961-ல்தான் வந்தது. அதற்கு முன்பே இங்கே தனி ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

திருச்செங்கோட்டில் தி.அ. முத்துசாமிக் கோனார் என்று ஒருவர். ஓலைச்சுவடிகளையும் தனிப்பாடல்களையும் தேடித் தேடித் திரட்டியவர். 1934-ல் ‘கொங்கு நாடு’ என்று ஒரு நூலைக் கொண்டுவந்தார். கோவையில் சி.எம். இராமச்சந்திரஞ் செட்டியார். தொழில் வக்கீல்; நாட்டம் முழுக்கக் கல்வெட்டிலும் பழைய இலக்கியத்திலும். கோவைகிழார் என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதினார். 1954-ல் அவருடைய ‘கொங்கு நாட்டு வரலாறு’ வந்தது. இன்றைக்கு யார் கொங்கு வரலாறு எழுதினாலும் இந்த இருவரையும் தாண்டிப் போக முடியாது.

அப்புறம் ஈரோடு புலவர் செ. இராசு. தமிழாசிரியராகத் தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வரை போனவர். 2023 ஆகஸ்டில் காலமானார். அறச்சலூர் மலைக்குகையில் இருக்கிற இசைக் கல்வெட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர் பெயர் வராமல் இருக்காது. அந்தக் கல்வெட்டு ஓர் அதிசயம். தாளச் சொற்களை வரிக்கு ஐந்து, ஐந்து வரி என்று கட்டம் போட்டதுபோல் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளைச் சேர்த்து அமைத்தவன் பெயரும் இருக்கிறது: தேவன் சாத்தன். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு மேல் பழைய எழுத்து. தமிழ்நாட்டு இசைக்கு இப்படி ஒரு சாட்சி ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு குன்றில் கிடந்தது 1960-களின் தொடக்கத்தில்தான் வெளியே தெரிந்தது.

கொடுமணலும் அப்படித்தான். நொய்யல் கரையில் ஒரு சின்ன ஊர். உழுதால் மணி கிடைக்கும், ஓடு கிடைக்கும். ஊர்க்காரர்களுக்கு அது அன்றாடச் சங்கதி. அகழாய்வுக்கு முன்பே அந்த மேட்டில் நடந்து, பொறுக்கி, பார்த்து, இது சாதாரண இடம் இல்லை என்று எடுத்துச் சொன்னவர்களில் புலவர் இராசுவும் ஒருவர். 1985-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டத் தொடங்கியது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்று ஆனது. நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் என்று மணிகளைத் தீட்டிய பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள். இங்கிருந்து பக்கம்தான் படியூர். பச்சைக்கல் வெட்டிய ஊர். அந்தக் கல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போனது. பதிலுக்கு ரோமாபுரிக் காசு வந்தது. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-லேயே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. (இன்றைக்கு வெள்ளலூர் என்றால் கோவைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது குப்பைக் கிடங்கு. அதையும் ஒருநாள் யாராவது தோண்டிப் பார்த்து நம்மைப் பற்றி எழுதத்தான் போகிறார்கள்.)

அந்தக் கணவாய்ப் பாதைக்கும் கல்லில் சாட்சி உண்டு. கோவை சுண்டக்காமுத்தூரை அடுத்த மலையடிவாரப் பாறையில், தமிழிலும் வட்டெழுத்திலும், ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பெயர் வெட்டியிருக்கிறது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இன்றைய பாலக்காடு ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், பக்கத்திலேயே ஆயிரம் வருடத்துப் பெயர்ப்பலகை ஒன்று இருப்பது?

கல்வெட்டு என்றாலே ராஜா, தானம், விளக்கு எரிக்க ஆடு என்று நினைத்துச் சலித்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொன்று. கரூர் பசுபதீஸ்வரர் கோயிலிலும் கோவை பேரூரிலும் கம்மாளர்களைப் பற்றி ஒரு கொங்குச் சோழன் ஆணை இருக்கிறது. கம்மாளர் என்றால் கொல்லர், தச்சர், தட்டார் எல்லாம் சேர்ந்த கைவினை மக்கள். அவர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். வெளியே போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அரசன் அனுமதி கொடுக்கிறான்.

அனுமதி கொடுத்தான் என்றால், அதுவரை அது கிடையாது என்று பொருள். கோயிலைக் கட்டிய கை. தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரச ஆணை வேண்டியிருந்தது. பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் போர்க்களம்தான் இருக்கும். செருப்பு இந்தச் சுவரில் இருக்கிறது. இந்தச் சுவரைத் திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சித் ‘தேய்த்துச் சுத்தம்’ செய்திருந்தால்? வெள்ளைக்காரன் காலத்தில் படியெடுத்த எத்தனையோ கல்வெட்டுகளுக்கு இன்று கல் இல்லை, தாள்தான் இருக்கிறது. அந்தத் தாள்களும் மைசூரில் கிடந்தன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-ல் உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

*

இந்த ஆர்வலர்கள் எல்லோரும் குற்றமே இல்லாதவர்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். எந்தக் கல்லைப் பார்த்தாலும் ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமை’ என்று சொல்லிவிடுகிற அவசரம் சிலருக்கு உண்டு. பத்திரிகைகளுக்கும் அதுதான் பிடிக்கிறது. ‘முந்நூறு ஆண்டுப் பழமை’ என்றால் தலைப்புக்குக் காரம் போதாது. யார் முதலில் பார்த்தது என்று குழுக்களுக்குள் முணுமுணுப்பு வருவதும் உண்டு. வருடக்கணக்காக ஊர்க்காரர்கள் பூப்போட்டுக் கும்பிட்ட கல்லை நேற்றுப் போனவர் ‘கண்டுபிடித்தேன்’ என்று சொல்வது ஊர்க்காரர்கள் காதுக்கு எப்படியிருக்கும்!

இதைவிடப் பெரிய சிக்கல் சாதி. புலியோடு சண்டை போட்ட வீரன் எந்தச் சாதி என்று கல்லில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் கல் இன்ன காலத்தது என்று செய்தி வந்த மறுவாரமே, ‘அவர் எங்க ஆளு’ என்று இரண்டு தரப்பு வந்து நிற்கும். ‘எங்களுக்குச் சாதகமாக எழுதிக் கொடுங்கள், விழா எடுக்கிறோம்’ என்பார்கள். ‘கல்லில் இருப்பதைத்தான் எழுதுவோம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதற்கு, வட்டெழுத்தைப் படிப்பதைவிட அதிகத் தெம்பு வேண்டும். ஒரு குழு நல்ல குழுவா என்று தெரிந்துகொள்ள இதைவிட நம்பகமான உரைகல் இல்லை.

இன்னொரு சங்கடம் செல்போனால் வந்தது. இடம் தெரியும்படி படம் போட்டால் நல்லவர்களும் வருவார்கள், புதையல் தேடுகிறவர்களும் வருவார்கள். கோவை குமிட்டிபதியில் மலைப் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. யானை உருவம் அவ்வளவு அழகு. வந்தவர்கள் சிலர் பாறையில் தங்கள் பெயரையும் காதலி பெயரையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும். ஊருக்குத் தெரிந்தாலே கெட்டும் போகிறது. இதற்கு இதுவரை யாரிடமும் சரியான விடை இல்லை. நல்ல குழுக்கள் இப்போதெல்லாம் இடத்தை அரசுக்கு மட்டும் துல்லியமாகச் சொல்லிவிட்டு, வெளியில் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கின்றன.

மதுரையில் வேறு வழி பிடித்தார்கள். 2010-ல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, குழந்தை குட்டிகளோடு நூற்றுக்கணக்கானவர்களை யானைமலைக்கும் சமணர் மலைக்கும் விடிகாலையில் கூட்டிப் போகிறது. தொல்லியல் அறிஞர் மலையடியில் நின்று பேசுவார். பிறகு எல்லோருக்கும் காலை உணவு. மலைகளைக் கிரானைட்டுக்காக அறுத்துக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த இயக்கம் அது. ஆயிரம் கண் பார்க்கிற மலையில் வெடி வைப்பது கொஞ்சம் கஷ்டம் என்பது அவர்கள் கணக்கு. கடல் தாண்டி ஈழத்தில், 2005 முதல் நூலகம் என்ற பெயரில் தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் கோயில் மலர்களையும் வருடிக் கணினியில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 1981-ல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம். ஒரே பிரதியாக எதையும் விட்டுவைக்கக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

இங்கிலாந்தில் கதை இன்னும் வேறு. அங்கே உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவியோடு வயல் வயலாக அலைகிறவர்கள் ஏராளம். அவர்களைத் திருடர்களாகப் பார்ப்பதா, துணையாட்களாகப் பார்ப்பதா என்று யோசித்த அரசு, 1997-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பகுதிக்கு ஓர் அலுவலர்; கிடைத்ததை அவரிடம் காட்டினால் பதிவு செய்துகொண்டு பெரும்பாலும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படிப் பதிவான பொருள்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. நம் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, மண்ணுக்குள் கிடைப்பதைக் கலெக்டரிடம் சொல்லியாகவேண்டும். ஆனால் ‘பகுதிக்கு ஓர் அலுவலர்’ என்பதை மட்டும் கடன் வாங்கலாம். ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல எந்த ஆபீஸ் கதவைத் தட்டவேண்டும் என்று தெரியாமல் நின்றுவிடுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1970-களிலேயே மாணவர்கள் கொண்டுவந்த பழம்பொருள்களைப் பார்த்துவிட்டு இதில் விஷயம் இருக்கிறது என்று சொன்னார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது 2015-ல். நடுவில் நாற்பது வருடம். கீழடியில் தென்னந்தோப்பு இருந்ததால் மண் அதிகம் கலையாமல் தப்பியது. எல்லா மேட்டிலும் தென்னை வைத்திருக்கமாட்டார்கள்.

*

இப்போது பாராட்டு விஷயத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட குழுக்களுக்கு அவ்வப்போது விழா எடுக்கிறார்கள். நல்ல காரியம். மேடையில் பொன்னாடை, கையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நினைவுப் பரிசு, நாலு பேர் பேச்சு, கீழே கேசரி, மிக்சர். வீட்டுக்குப் போனால் பரிசை வைக்க இடம் இல்லை. (தமிழ்நாட்டில் கல்வெட்டை எப்படியாவது காப்பாற்றிவிடலாம், நினைவுப் பரிசுகளை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.)

அவர்களைக் கேட்டால் வேறு பட்டியல் வரும். எடுத்த மைப்படிகளைச் செல்லரிக்காமல் வைக்க ஓர் அறை. கண்டதைப் புத்தகமாக அச்சிட யாராவது தாள் செலவை ஏற்றுக்கொண்டால் போதும். எழுதிக் கொடுத்த மனுவுக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு பதில். விழுந்து கிடக்கிற நடுகல்லைத் தூக்கி நிறுத்த ஊர்ப் பஞ்சாயத்தின் ஒரு தீர்மானம், ஒரு மூட்டை சிமெண்ட், மேலே ஒரு தகரக் கூரை. எல்லாவற்றையும் விட, படிக்கக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் படிக்கத் தெரிந்தவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. பயிற்சி வகுப்பு நடத்தினால் முதல் நாள் ஐம்பது பேர் வந்து செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். நாலாவது வாரம் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். அந்த ஐந்து பேர் போதும் என்கிறார்கள் சொல்லிக்கொடுக்கிறவர்கள்.

பழைய கல்வெட்டுகளின் கடைசி வரிகளைப் பார்த்தால், இந்தப் பாராட்டை ஆயிரம் வருடம் முன்னாலேயே ஒருவர் செய்து வைத்துவிட்டார் என்று தோன்றும். தானம் கொடுத்தவர் என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்றெல்லாம் வெட்டி முடித்துவிட்டு, இறுதியில் இரண்டு வாக்கியம் சேர்ப்பார். இதை அழிக்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது ஒன்று. சாபம், எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றை அதிகம் பேர் கவனிப்பதில்லை. இந்தத் தருமத்தைக் காக்கிறவன் பாதம் என் தலை மேல் என்பது அது. ராஜா சொல்லுவார், அதிகாரி சொல்லுவார், வணிகர் சொல்லுவார். காக்கப்போகிறவன் யார், எந்த ஊர், எந்தக் குலம், எத்தனை நூறு வருடம் கழித்துப் பிறப்பான், எதுவும் தெரியாது. முகம் தெரியாத அவன் காலைத் தன் தலையில் தாங்குவதாகக் கல்லில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பைக்கில் போய்ப் பிரஷ்ஷோடு குந்தி உட்கார்ந்திருக்கிற அந்த இன்ஜினீயரும் வாத்தியாரும் அந்த வரிக்குக் கொஞ்சமாவது உரியவர்கள்தானே?

படித்துவிட்டு உங்களுக்கும் ஆசை வந்தால் சில விஷயங்கள். பழைய கல்லைப் பார்த்தால் கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். எழுத்து தெரியவேண்டும் என்று மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ் எதுவும் பூசவேண்டாம். சாமி அழகாக இருக்கட்டும் என்று பெயிண்ட் அடிப்பவர்கள் பாசத்தோடுதான் அடிக்கிறார்கள். ஆனால் ஒரு டப்பா எனாமல் பெயிண்ட் நூறு வருட மழை செய்யாததைச் செய்துவிடும். தோண்டவே கூடாது, அது சட்டப்படி குற்றம், கீழே இருக்கிற மண் அடுக்கு கலைந்துபோனால் பிறகு வருகிற அறிஞருக்கும் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்துச் சாய்வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் சொல்லுங்கள். கோவையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, ஈரோட்டிலும் இருக்கிறது. இல்லையென்றால் மேலே சொன்னது மாதிரி ஒரு குழுவுக்குப் படத்தை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பார்கள்.

அதுவும் முடியாது, வெயிலில் அலைய உடம்பு ஒத்துழைக்காது என்கிறவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. திண்ணையிலோ கட்டிலிலோ எண்பது வயதுக்கு மேல் ஓர் அப்பாரோ அமுச்சியோ இருப்பார்கள். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேளுங்கள். ஊருக்குத் தெற்கே அந்த மேட்டுக்கு என்ன பேர்? குளத்துக்கு யார் பேர்? அந்த வேப்ப மரத்தடியில் ஒரு கல் இருந்ததே, அதற்கு யார் பொங்கல் வைப்பார்கள்? எப்போது நிறுத்தினார்கள்?

முதலில், ‘அதெல்லாம் எனக்கென்ன தெரியும் கண்ணு’ என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத் தொடங்குவார்கள்.